நின்ற கண்ணாடி

ஜனவரி 6, திங்கள்

கண்ணாடிக் கம்பெனி புது வருடத்துக்குக் கொடுத்த டைரிகளில் ஒன்று மிஞ்சிவிட்டது. தங்கராசு அண்ணன் அதை என் மேசைமேல் போட்டு, "பேசறதுதான் இல்ல, எழுதவாச்சும் எழுது கண்ணு" என்றார். அவர்தான் கடை முதலாளி.

வீட்டு ஜன்னலிலிருந்து பெரிய கட்டடங்கள் வரை கண்ணாடி கொடுக்கிற கடை இது. அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் கம்பெனிக்கு ஆர்டர் அனுப்புவதும் என் வேலை. ஃபோன் அடித்தால் எடுக்கவும் வேண்டும். "ஹலோ" வரை வந்துவிடுவேன். அதற்கு மேல் வாய் உலர்ந்துவிடும். ரிசீவரைக் கண்ணாடி வெட்டும் இப்ராகிம் பாயிடம் நீட்டுவேன். "ஹலோவுக்கு ஒரு ஆளு, மிச்சத்துக்கு ஒரு ஆளு. நல்லா நடத்தறீங்ண்ணா கடைய" என்று பாய் முதலாளியிடம் சொல்வார்.

இன்று பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. விஸ்வநாதன் ஐயாவின் ஜவுளிக்கடை. எரிந்த கட்டடத்தை உள்ளே முழுக்கப் பிரித்து மறுபடி கட்டுகிறார்கள். படிக்கட்டை ஒட்டி வரும் தீத்தடுப்புக் கண்ணாடிச் சுவர் எங்கள் பொறுப்பு.

அண்ணன் என்னைக் குடோன் பக்கம் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். "உனக்கு ஒண்ணும் இல்லியே அம்மிணி? கஷ்டமா இருந்தாச் சொல்லு. இந்த வேலய வேற கடைக்குத் தள்ளி உட்டர்றேன்."

தலையாட்டினேன். சரி என்கிற தலையாட்டலா, வேண்டாம் என்கிற தலையாட்டலா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

யமுனா அக்கா அந்தக் கடையில்தான், மூன்றாம் மாடிப் பட்டுப் பிரிவில், வேலை பார்த்தாள். அவள் போய் ஒன்றேகால் வருடம் ஆகிறது.

ஜனவரி 8, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீர் பிடித்தோம். கடைக்குத் தாமதம்.

ஜனவரி 11, சனி

விஸ்வநாதன் ஐயா வந்தார். பேப்பரில் வந்த படத்தில் பார்த்ததைவிட இளைத்திருக்கிறார். நாற்காலியில் உட்காரவே இல்லை.

"வேற எதையும் காட்டாத தங்கராசு. அதே கண்ணாடி. ரெண்டாவது மாடி மொத்தமும் கரியாப் போச்சு, அது மட்டும் நின்னுச்சு. ஒரு கீறல் கெடையாது. படிக்கட்டுப் பக்கம் ஒரு பொறி தாண்டல. அதக் கழட்டி எங்கூட்டுல நிறுத்தி வெச்சிருக்கறேன். ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சுக் கும்புட்டோம்."

"சரிங்க ஐயா. அந்தக் கம்பெனிலயே கேட்டர்லாம்."

"அத்தன புள்ளைங்களும் அந்தப் படியிலதான எறங்கி வந்துச்சுங்க? அந்த ஒரு புள்ளதான்… படி நல்லாத்தான் இருந்துச்சு. எறங்கி வந்திருக்கலாம். ஃபோன எடுக்கறேன்னு திரும்ப மேல போயிருக்குது. பாவம்."

அண்ணன் இருமினார். பாய் கண்ணாடி கழுவும் மெஷினைப் போட்டுவிட்டார். அதில் கழுவ ஒன்றும் இல்லை, வெறுமனே சுற்றியது. மீதிப் பேச்சு சத்தத்தில் கேட்கவில்லை.

ஐயாவுக்கு என்னைத் தெரியாது. போகும்போது, "பாப்பா, அந்த மெசின நிறுத்தச் சொல்லு, காது போகுது" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

அந்தக் கடையில் காலையில் உள்ளே போகும்போதே பெண்பிள்ளைகளின் ஃபோனை வாங்கி நாலாம் மாடி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கையில் கிடைக்கும். அக்காவை மூன்றாம் மாடிக்கு மேலே, நாலாம் மாடி போகும் படியில் எடுத்தார்கள். அதனால்தான் ஃபோனுக்குப் போனாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லி இப்போது அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது.

அந்த ஃபோன் புதிது. வாங்கிக் கொடுத்த அன்று அப்பா, "இதத் தொலச்சுட்டு ஊட்டுப் பக்கம் வந்தராத" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்காவும் சிரித்தாள்.

அப்பா இப்போது ஃபோன் வைத்துக்கொள்வதில்லை. மஞ்சள் மண்டியில் எடை போடுகிற வேலை. மண்டியிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

அம்மா இன்று பொங்கல் வைத்தாள். அப்பாவின் இலையில் போட்டுக்கொண்டே, "அந்த ஒரு சொல்லு சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள். அப்பா சாப்பிட்டு முடித்து இலையை மடித்தார்.

அக்கா ஃபோனுக்குப் போகவில்லை. அது எனக்குத் தெரியும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

ஜனவரி 23, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து எஸ்தர் மேடம் வந்தார். புதுக் கட்டடத்துக்கு அவர்தான் ஆர்க்கிடெக்ட். இரண்டு சாம்பிள் துண்டுகளை என் மேசையில் வைத்துத்தான் ஐயாவிடம் விளக்கினார். அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

ஒன்று மெல்லியது, தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஐயா கும்பிடுகிற கண்ணாடி. தீயையும் புகையையும் தாண்ட விடாது, ஆனால் சூடு அதன் வழியாக வெளியே வரும். இன்னொன்று தடிமன். இரண்டு மூன்று கண்ணாடிக்கு நடுவில் தெளிவான ஜெல் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். தீப் பட்டால் ஜெல் பொங்கி வெளுத்துவிடும். அது சூட்டையும் பிடித்து நிறுத்தும்.

"படி இந்தச் சுவத்த ஒட்டியே போகுதுங்க ஐயா. மேல இருக்கறவங்க இதத் தாண்டித்தான் எறங்கணும். அதனால ரெண்டாவதுதான் சரி."

ஐயா தடிக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல பச்ச ஓடுதே. எங்க கடைக்கு வர்ற பொம்பளைங்க சேலைய எடுத்ததும் என்ன பண்ணுவாங்க தெரியுமா மேடம்? லைட்ட நம்ப மாட்டாங்க. சேலையத் தூக்கிட்டுப் படிக்கட்டுப் பக்கம் வந்து பகல் வெளிச்சத்துல விரிச்சுப் பாப்பாங்க. அதுக்குத்தான் அங்க கண்ணாடியே வெச்சேன். அரக்கு பழுப்பாத் தெரிஞ்சா ஆரு வாங்குவா?"

"ஜன்னல் வெளிச்சம் தனியா குடுத்தரலாம் ஐயா."

"அதுவும் போக, வெளுத்துப் போச்சுன்னா உள்ள ஆரு மாட்டியிருக்காங்கன்னு வெளிய தெரியுமா? தீயணைக்க வர்றவன் எப்படிப் பாப்பான்?"

மேடம் சாம்பிள் துண்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது நியாயமான கேள்விதான். உள்ளே இருப்பவர்கள் தெரிய வேண்டுமா, வேண்டாமா என்று நானும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

கடைக்குப் பின்னால் கேஸ் அடுப்பு வைத்து இரண்டு துண்டையும் சோதித்துக் காட்டினார்கள். கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பாய் என்னைப் பார்த்து, "இந்த வெயில்ல முழுக்கைச் சட்ட போட்டுட்டு அடுப்புகிட்ட நிக்காத தாயி, அப்பளமாப் பொரிஞ்சிருவ" என்றார். நான் வாசல்படியில் நின்றுகொண்டேன்.

முதல் கண்ணாடி உடையவில்லை. தீ அந்தப் பக்கம் நாக்கை நீட்டி நக்குவது இந்தப் பக்கம் தெளிவாகத் தெரிந்தது. ஐயாவின் முகத்தில் ஒரு சந்தோஷம். "பாத்தீங்களா?"

"இந்தப் பக்கம் கைய வெச்சுப் பாருங்க ஐயா," என்றார் மேடம்.

ஐயா வைத்தார். கொஞ்ச நேரத்தில் எடுத்துக்கொண்டார். "சூடுதான். இதுக்கா பயப்படறது? ஒரே ஓட்டமா ஓடிப் போயிரலாம்."

"இது கையகலத் துண்டுங்க. அங்க ரெண்டு ஆள் உயரத்துக்குச் சுவரு. ஒரு மாடி மொத்தம் பின்னாடி எரியுது."

"மத்த புள்ளைங்க வந்துச்சுங்களே?"

"அவங்க மொதல்ல வந்தவங்க ஐயா."

இரண்டாவது கண்ணாடி வெளுக்க ஆரம்பித்தது. பால் திரிகிற மாதிரி ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. பிறகு தீயே தெரியவில்லை. ஐயா, "குருடாயிருச்சு" என்றார்.

அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று தெரியாது. யாரும் கேட்காமலே டீ வாங்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தீப் பிடித்த அன்று ஞாயிறு. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. கூட்டம் அதிகம், கடையில் சாப்பாட்டுக்கு விட மாட்டார்கள் என்று அம்மா என்னிடம் அக்காவுக்குத் தூக்கில் தக்காளிச் சோறு கொடுத்தனுப்பினாள். நான் பதினொன்றாம் வகுப்பு.

தீ எரிந்தபோது நான் தூக்கோடு தெருவில் நின்றேன். இது எல்லோருக்கும் தெரியும். போலீஸ்காரர் "நீ வெளிய இருந்தியா பாப்பா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

தெருவில் நின்றதற்கு முன்னால் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. வகுப்பு இரண்டாம் மாடியில் இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

ஐயா முடிவு செய்துவிட்டார். நின்ற கண்ணாடிதான். எஸ்தர் மேடம், "அப்படின்னா அந்தப் படிக்கு என் பேரப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயா வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறாராம்.

அண்ணன் அளவுத் தாளை என்னிடம் கொடுத்தார். "இன்னைக்கே கம்பெனிக்கு அனுப்பிரு கண்ணு. நல்லாப் பாத்து. இது நாம வெட்டற கண்ணாடி இல்ல. அவிய அளவுக்குச் செஞ்சு அனுப்பிட்டா அதோட சரி, மாத்த முடியாது."

அளவுகளை ஏற்றினேன். சரிபார்த்தேன். அனுப்பவில்லை. நெட் வரவில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

நெட் வரவில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 8, சனி

அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வீட்டில் அம்மா பீரோவைத் துடைத்தாள். அக்காவின் கடைச் சீருடை இன்னொன்று மடித்தபடியே இருக்கிறது. மாம்பழ நிறச் சேலை. அந்தச் சேலையில்தான் புதுக் கடையிலும் பெண்பிள்ளைகள் வருவார்கள். யாரோ ஒருத்தி மூன்றாம் மாடியில் நிற்பாள்.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் ஐயா வந்துவிட்டார். "என்ன தங்கராசு, இன்னும் அனுப்பலியாமே? சித்திரையில தெறக்கோணும்."

"நெட்டு இல்லீங்களாம் ஐயா."

"நெட்டு நல்லாத்தான…" என்று ஆரம்பித்த பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஐயா என் மேசைக்கு வந்தார். கோபப்படவில்லை. "ஒரு பட்டன அழுத்தறதுக்கு என்ன பாப்பா கஷ்டம்?"

"எங்கக்கா எறங்கி வந்துச்சுங்க."

நான்தான் சொன்னேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

"ஆரு?"

"யமுனா."

ஐயா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாதிப் படி வந்துச்சுங்க. கண்ணாடிகிட்ட வர முடியல. நெருப்பு இல்லீங்க. சூடு. சேலையத் தலையில போத்திட்டு வந்து பாத்துச்சு. மறுபடியும் வந்து பாத்துச்சு. முடியல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் கீழ் வளைவுல நின்னனுங்க."

பாய் கையிலிருந்த அளவுகோலைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பறம் எதுக்கு மேல போச்சு?" ஐயாவின் குரல் இறங்கிவிட்டது.

"வேற வழி பாக்கறதுக்குங்க."

"வேற வழி…" என்றார் ஐயா. இன்னொரு வழியான பின்பக்கப் படியில் அன்று தீபாவளிச் சரக்கு மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது ஊருக்கே தெரியும். அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

கண்ணாடி வந்த மரப்பெட்டி ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் தண்ணீர் கொண்டுவந்தார். குடிக்கவில்லை. அனுப்பு என்றும் அனுப்பாதே என்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று எழுதியதோடு மூடிவிட்டேன். மீதியை இன்று எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலில் ஐயாவின் கார். ஐயா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஐயா எழுந்து, அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். அப்பா கையைத் தூக்கவில்லை. கார் போகும் வரை யாரும் அசையவில்லை.

"ஃபோனுக்குப் போகலியா?" அப்பா என்னைத்தான் கேட்டார்.

"இல்லப்பா."

"அலமாரியத் தொறக்க… அதுக்குப் போகலியா?"

"வழி தேடித்தான்ப்பா போச்சு."

அப்பா என் இடது கையைப் பிடித்துச் சட்டைக் கையை மேலே ஏற்றினார். முழங்கை வரை தோல் சுருங்கி வழவழவென்று இருக்கும். "குக்கர் ஆவி பட்டுருச்சுன்னு சொன்ன."

ஏறும்போது கண்ணாடி இடது பக்கம் வரும். அதை நான் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கையை விட்டுவிட்டுச் சுவர் ஓரமாக உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஒன்றேகால் வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது இல்லை.

"என்ன சொன்னா?" என்று கேட்டார், துண்டை எடுத்துவிட்டு.

"‘நீ போ பாப்பா. நான் அந்தப் பக்கமாச் சுத்தி வர்றேன். கீழ நில்லு’ன்னுச்சு."

நான் கீழே போய் நின்றேன். அவள் சொன்ன மாதிரியே நின்றேன். சாயங்காலம் சித்தப்பா வந்து கூட்டிப்போகும் வரை தூக்கோடு நின்றேன்.

அம்மா அதுவரை அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய் என்ன விலை என்று கேட்கிற குரலில் சொன்னாள். "உசுரோட நின்னவளப் பாத்துட்டு எறங்கி வந்திருக்கற."

பிப்ரவரி 12, புதன்

ஃபோன் அடித்தது. எடுத்தேன்.

"பாப்பாவா? விஸ்வநாதன் பேசறேன். அந்த வெளுக்கற கண்ணாடியே போட்டுரு. மேடத்துகிட்டயும் பேசிட்டேன், அவிய அளவு அனுப்புவாங்க."

"சரிங்க."

"எங்கூட்டுல இருந்த கண்ணாடிய எடுத்துட்டேன்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

பாயிடம் ரிசீவரை நீட்டவில்லை. பாய் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை.

பிப்ரவரி 15, சனி

அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

பிப்ரவரி 19, புதன்

அப்பா பரணில் கிடந்த பழைய ஃபோனை எடுத்துச் சார்ஜில் போட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

அம்மா பேசவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் தினமும் நான் கேட்டுக்கொள்வதைத்தான் அவளும் சொன்னாள். ஆனால் வீட்டில் நான் எந்தப் பக்கம் நடந்தாலும் அவள் வேறு பக்கம் போகிறாள். சின்ன வீடு. போவதற்கு அவ்வளவு இடம் கிடையாது.

மார்ச் 17, திங்கள்

கண்ணாடி வந்துவிட்டது. தூக்க ஆறு பேர். ஓரம் முழுக்கச் சாம்பல் நிற டேப் சுற்றியிருந்தது. ஃப்ரேமில் இறுக்கமாக இருக்கிறதென்று பொருத்த வந்தவர்களில் ஒருவர் அதை உரிக்கப் போனார். சாதாரணக் கண்ணாடி என்றால் அப்படித்தான் செய்வார்கள். பாய் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "அது பேக்கிங் இல்லப்பா, கண்ணாடியோட தோலு. உரிச்சா உள்ள காத்துப் பூந்து ஜெல்லு கெட்டுப் போயிரும். அப்பறம் இது வெறும் கனத்த கண்ணாடி."

மேடம் ஃப்ரேமைக் கழற்றிப் பெரிதாக்கச் சொன்னார். இரண்டு நாள் தாமதம். ஐயா சரி என்றார்.

நான் கணக்குக் கேட்கத்தான் அங்கே போயிருந்தேன். தரைத்தளத்தோடு திரும்பிவிட்டேன். மாடியில் நடந்ததெல்லாம் பாய் சொன்னதுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று அம்மா, "அந்தப் படியக் காட்டு" என்றாள். இத்தனை நாளில் முதல் பேச்சு.

பஸ்ஸில் போனோம். அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். எனக்குச் சீட்டு வாங்கினாள்.

ஞாயிறு என்பதால் கட்டடத்தில் வேலை இல்லை. காவல்காரரிடம் கண்ணாடிக் கடை என்று சொன்னேன், விட்டார். வாஸ்து பார்த்துப் படியை மட்டும் அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். புதுச் சிமெண்ட் வாசனை. முதல் மாடி தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். அம்மா முன்னால் போனாள்.

வளைவில் நின்றோம். மேலே, இடது பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெயில் அதில் விழுந்து படியெல்லாம் லேசாகப் பச்சை ஓடியது.

"நீ நின்னது?"

"இங்கம்மா."

"அவ?"

மேலே காட்டினேன். கண்ணாடி முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம்.

"போயி அங்க நில்லு."

ஏறினேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் போகும்போது கை தானாக உடம்போடு ஒட்டிக்கொண்டது. மேலே போய்த் திரும்பி நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வளைவில் நிற்கிறவர் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறார். அக்காவுக்கு நான் அப்படித் தெரிந்திருப்பேன்.

அம்மா கீழிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஒரு படி ஏறினாள். மறுபடி இறங்கி, நான் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எறங்கி வா," என்றாள்.

இறங்கினேன். பக்கத்தில் வந்ததும் என் கையைப் பிடித்தாள். பிடித்துப் பார்த்தாள். விட்டாள்.

"மறுபடி போ."

போனேன்.

"எறங்கி வா."

இறங்கினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் மேலே திரும்பி நின்றதும் அவள் முகம் கல்லாகிவிடும். கண்ணாடியைத் தாண்டி வந்ததும்தான் மூச்சு விடுவாள். எனக்குக் கால் வலித்தது. சொல்லவில்லை.

காலடிச் சத்தம் கேட்டுக் காவல்காரர் கீழிருந்து குரல் கொடுத்தார். "ஏனுங்க, மேல இன்னும் என்னங்க பண்றீங்க?"

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணுமில்லீங்க. எம் புள்ள எறங்கி வந்துட்டு இருக்கறா."